மச்சுக்கு ஏறிய கம்பி

எங்கள் வீட்டுத் தொலைபேசி பெரியப்பாவின் பட்டாசலில், அதாவது கூடத்தில், இருந்தது. பாளையங்கோட்டையில் ராஜகோபாலசாமி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் தாத்தா கட்டிய வீடு. கீழே பெரியப்பா, பெரியம்மா, அக்கா, அண்ணன். மச்சில் அப்பா, அம்மா, நான். அடுப்பு இரண்டு, மின்சார மீட்டர் இரண்டு, ரேஷன் அட்டை இரண்டு. போன் மட்டும் ஒன்று. எங்களுக்கு யாராவது கூப்பிட்டால் பெரியம்மா மாடிப்படிக்கு அடியில் நின்று, "ஏட்டி, ஒங்கம்மைக்குப் போன் வந்திருக்கு" என்று குரல் கொடுப்பாள். அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இறங்குவாள். அவள் என்ன பேசினாள் என்பது பட்டாசலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை என்றுதான் இரண்டு குடும்பமும் வாழ்ந்தது.

2001-இல் பெரியப்பா தலைமையாசிரியராக ஓய்வு பெற்றார். வந்த பணத்தில் கொஞ்சத்தை எடுத்துப் பட்டாசலில் ஒரு கம்ப்யூட்டர் வைத்தார். அக்கா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள், அண்ணன் பதினொன்றாம் வகுப்பு. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் தொடங்கியது 1995 ஆகஸ்டு 15 அன்று. அது எங்கள் பட்டாசலுக்கு வந்துசேர ஆறு ஆண்டுகள் ஆயின. மணிக்கணக்கில் விற்கும் சஞ்சார்நெட் அட்டையை வாங்கி வந்து, அதிலுள்ள கடவுச்சொல்லைத் தட்டினால் மோடம் போன் கம்பியில் எண்ணை அழைக்கும். கிறீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் இரைச்சல், அப்புறம் அமைதி. அமைதியானால் நெட் வந்துவிட்டது. மோடத்தின் மேல் 56 கேபிபிஎஸ் என்று போட்டிருந்தது. நொடிக்கு 4, 5 கிலோபைட்டுக்கு மேல் இறங்கி நான் பார்த்ததில்லை.

நெட் ஓடும்போது போன் வேலை செய்யாது. பேச்சுக்காகப் போட்ட கம்பியில், பேச்சுக்கு ஒதுக்கிய அதே அலைவரிசையில் மோடமும் சத்தம் போட்டுத்தான் செய்தி அனுப்பியது. இரண்டில் ஒன்றுதான் நடக்கும். தூத்துக்குடி அத்தை மறுநாள் கூப்பிட்டு, "நேத்து ராத்திரி பூரா யாரு அப்படிப் பேசுனது?" என்று கேட்பாள். அதனால் நெட் போடும் முன் பட்டாசலில் நின்று, "யாருக்காவது போன் வரணுமா?" என்று கேட்டுவிட்டுப் போடுவது வழக்கமாயிற்று. மாடிப்படி வழியாக அந்தக் கேள்வி மச்சுக்கும் வரும்.

2003-இல் அண்ணன் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். அவனுக்காக விண்டோஸ் எக்ஸ்பி போட்ட புது கம்ப்யூட்டர் வந்தது. பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாம் என்றாள் பெரியம்மா. அண்ணன் கேட்கவில்லை. "மச்சுல பிள்ளை படிக்கட்டும்" என்று மானிட்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவந்து எங்கள் ஜன்னலோரம் வைத்தான். நான் ஆறாம் வகுப்பு. எனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வந்த சந்தோஷம் ஒரு வாரம் இருந்தது. அப்புறம் அதில் பெயின்டும் சீட்டாட்டமும் தவிர ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது. நெட் கீழேதான் இருந்தது.

ஒரு சிம்போசியத்துக்காகச் சென்னை போன அண்ணன், கம்ப்யூட்டர் உதிரிக் கடைகள் உள்ள ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் போயிருக்கிறான். நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய காலையில் பையைத் திறந்தான். அழுக்குத் துணிக்கு மேலே சாம்பல் நிறக் கேபிள் ஒரு சுருள், கண்ணாடி நிறத்தில் ஒரு கை ஆர்ஜே-45 முனைகள், ஒரு கிரிம்பிங் டூல். அன்றைக்குப் பகல் முழுக்க நான் அவன் பக்கத்தை விட்டு நகரவில்லை. கேபிளின் தோலை உரித்தால் உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நாலு ஜோடி. முறுக்கைப் பிரித்து, நீவி நேராக்கி, வரிசைப்படி அடுக்கி, ஒரே மட்டமாக நறுக்கி முனைக்குள் செருக வேண்டும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். அந்த வரிசை இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

பச்சை ஜோடியை மட்டும் ஏன் பிரித்து, நடுவில் நீலத்தை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அண்ணனுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. போன் வயரின் முனையைக் கழற்றிக் காட்டினான். அதிலும் நடுவில் இருக்கும் இரண்டு கம்பிகளில்தான் பேச்சு போகிறது. நடு இரண்டையும் தொலைபேசிக்கென்று விட்டுவைத்துத்தான் இந்த வரிசையை அமைத்தார்களாம். எட்டுக் கம்பியில் அன்றைய நெட்வொர்க் உண்மையில் பயன்படுத்தியது நாலைத்தான், ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும். ஒன்று பேச, ஒன்று கேட்க. இரண்டு கம்ப்யூட்டரை நேரடியாக இணைக்கும்போது ஒன்றின் பேசும் கம்பி மற்றதன் கேட்கும் கம்பிக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் ஒரு முனையில் ஆரஞ்சை முதலில் வைத்தான், மறுமுனையில் பச்சையை முதலில் வைத்தான். அதற்கு கிராஸ் கேபிள் என்று பெயர். மறுமுனையை என்னைச் செருகச் சொன்னான். டூலை அழுத்த என் கை போதவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தினோம்.

தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவரைத் துளைக்கப் பெரியப்பா விடவில்லை. கேபிள் பட்டாசல் ஜன்னல் வழியாக வெளியே போய், மழைத்தண்ணீர்க் குழாயோடு மேலே ஏறி, எங்கள் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. கீழே எக்ஸ்பி கம்ப்யூட்டரில் ஒரு பெட்டியில் டிக் போட்டான் அண்ணன்: இந்த இணைப்பை மற்றக் கம்ப்யூட்டர்களும் பயன்படுத்தலாம். அதற்கு அடியில் இன்னொரு டிக். அது என்ன என்று எனக்குச் சொல்லவில்லை. "மேல போயி, ஏதாவது ஒரு அட்ரஸ் அடி" என்றான்.

மேலே போய் யாகூ என்று அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கீழே பட்டாசலில் மோடம் எண்ணைச் சுழற்றத் தொடங்கிய சத்தம் மாடிப்படி வழியாக வந்தது. அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் யாரும் இல்லை. நான் மேலே தட்டியதற்குக் கீழே ஒரு பெட்டி எழுந்து வேலை செய்தது. பெரியம்மா அடுக்களையிலிருந்து, "ஏல, யாரும் தொடாம தானா டயல் பண்ணுது, என்னன்னு வந்து பாருல" என்று கத்தினாள். இரைச்சல் அடங்கியது. என் திரையில் யாகூவின் சிவப்பு எழுத்து மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. என் சின்ன வயதில் நான் பார்த்த அதிசயங்களில் அதற்கு மேல் ஒன்றை வைக்க மாட்டேன். அதற்குப் பிறகு வந்த எந்த வேகமும் எனக்கு அந்த உடல் சிலிர்ப்பைத் தந்ததில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அப்பாவுக்கு அண்ணன் இதை விளக்கினான். அப்பா ஆர்எம்எஸ்ஸில் சார்ட்டர். திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலில் வரும் தபால் மூட்டைகளைப் பிரித்து ஊர்வாரியாக அடுக்குவது அவர் வேலை. வெளி உலகத்துக்கு நம் வீடு ஒரே எண்தான், உள்ளே மட்டும் கீழுள்ள கம்ப்யூட்டருக்கு 192.168.0.1, மேலுள்ளதற்கு வேறோர் எண் என்றான் அண்ணன்.

அப்பா, "வெளிய ஒரே விலாசம்னா, திரும்பி வர்ற பதில் மேல உள்ளதுக்கா கீழ உள்ளதுக்கான்னு எப்படித் தெரியும்?" என்றார்.

அண்ணன் போர்ட் என்று ஆரம்பித்தான். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "பொறு. நாம அனுப்புத ஒவ்வொரு கடுதாசிக்கும் ஒரு நம்பர் போட்டு, எந்த நம்பர் யாருதுன்னு ஒங்கம்மை ஒரு நோட்டுல எழுதி வச்சிக்கிட்டா? பதில்ல அந்த நம்பர் இருக்கும். பாத்துப் பிரிச்சிரலாம். பதிவுத் தபால்லா இது."

"அதேதான் சித்தப்பா" என்றான் அண்ணன். அவன் முகத்தில் அப்படியொரு மரியாதையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்பா சொன்னது முழுக்கச் சரி. பின்னாளில் நெட்வொர்க்கிங்கை வேலையாகவே எடுத்துக்கொண்டபோது புத்தகங்களில் அதைத்தான் படித்தேன். அன்றைய முறையில் இணைய முகவரிகள் மொத்தம் 429 கோடிதான், அவை தீர்ந்துபோகும் என்ற பயம் 1990-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் பல கம்ப்யூட்டர்களை உட்கார வைக்கும் இந்த ஏற்பாட்டை எகெவாங், பால் பிரான்சிஸ் என்ற இருவர் 1994-இல் எழுதி வெளியிட்டார்கள். வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று 192.168 எனத் தொடங்கும் எண்களை ஒதுக்கியதும் அதே 1994-இல்தான். அதனால்தான் உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் அதே எண்கள் இருக்கின்றன, ஒன்றோடொன்று மோதுவதில்லை. அப்பா சொன்ன நோட்டில் எழுத ஒரு முகவரிக்கு 65,535 எண்கள் உண்டு. வெறும் எண் ஒட்டிப் பிரிக்கிற வேலைதான். ஆனால் இந்த உபாயம் இல்லாவிட்டால் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு மேல் நெட்டில் இருந்திருப்பது கடினம்.

எங்கள் வீட்டு ஏற்பாட்டில் ஒரு கஷ்டம் இருந்தது. கீழே உள்ள கம்ப்யூட்டர் ஓடினால்தான் மேலே நெட். பெரியம்மா ராத்திரி பத்து மணிக்கு எல்லாவற்றையும் அணைத்துவிடுவாள். பாதிப் பக்கம் இறங்கியிருக்கும்போது என் திரை அப்படியே நின்றுவிடும்.

அதற்கு முடிவு பிராட்பேண்டு வந்தபோது கிடைத்தது. 256 கேபிபிஎஸ்ஸுக்குக் குறையாமல் இருந்தால்தான் பிராட்பேண்டு என்று 2004-இல் மத்திய அரசின் கொள்கை வரையறுத்தது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் என்ற பெயரில் சேவையைத் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கு 2006 தொடக்கத்தில் வந்தது. மாதம் 500 ரூபாய்த் திட்டம், 1 ஜிபி அளவு, ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது. கம்பி அதே பழைய போன் கம்பிதான். குரல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும், பிராட்பேண்டின் ஏடிஎஸ்எல் முறை அதற்கு மேலே 26 கிலோஹெர்ட்ஸிலிருந்து ஏறத்தாழ 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள வெளியைப் பயன்படுத்தும். ஸ்பிளிட்டர் என்ற சின்ன டப்பி இரண்டையும் பிரித்துவிடும். போனும் பேசலாம், நெட்டும் ஓடும். வீட்டில் இதற்கு அதிகம் சந்தோஷப்பட்டவள் பெரியம்மாதான். தூத்துக்குடி அத்தையை அவளே கூப்பிட்டு, "இனி எப்ப வேணாலும் கூப்பிடு" என்றாள்.

மோடம் கொடுத்தபடியே இருந்தால் ஒரு கம்ப்யூட்டர்தான் அதில் லாகின் செய்ய முடியும். அண்ணன் பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து மோடத்தின் உள்பக்கத்தைத் திறந்தான். விபிஐ 0, விசிஐ 35 என்று சரிபார்த்து, பிரிட்ஜ் என்று இருந்ததை பிபிபிஓஇ என்று மாற்றி, எங்கள் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் மோடத்துக்குள்ளேயே எழுதிவைத்தான். இனி மோடமே லாகின் செய்துகொள்ளும். ஐந்து துளை வைத்த ஒரு ஸ்விட்ச் வாங்கி மோடத்தோடு இணைத்தான். பட்டாசலுக்கு ஒரு கம்பி, அவன் துண்டு துண்டாக உதிரி வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டருக்கு அவன் அறைக்கு ஒரு கம்பி, மழைத்தண்ணீர்க் குழாயோடு ஏறி எங்களுக்கு ஒரு கம்பி. பெரியம்மா எதை அணைத்தாலும் மற்றது நிற்காது.

பிறகு பெரியப்பா கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து மோடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

தலைமையாசிரியராக இருந்தவர் கையெழுத்தில் தேதி, பெயர், நேரம், வேலை என்று நாலு பத்தி. 1 ஜிபி என்றால் 1,024 மெகாபைட், மூன்று கம்ப்யூட்டர், ஏழு பேர். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று வாரம் ஒரு முறை கணக்குப் பக்கத்தைத் திறந்து பார்த்து, மீதியை மேலே சிவப்பு மையில் எழுதுவார். யாரையும் கண்டித்ததாக எனக்கு நினைவில்லை. மீதி குறைந்தால் சாப்பிடும்போது, "இந்த வாரம் யாருக்கு அவசர வேலை இருக்கு?" என்று கேட்பார். இருப்பவர்கள் சொல்வார்கள். இல்லாதவர்கள் ராத்திரி இரண்டு மணிக்குப் பிறகு இறக்கிக்கொள்வார்கள். என் அறிவியல் பாடத்துக்குப் படம் தேட வேண்டும் என்று நான் சொன்னதையும் அவர் அதே நோட்டில், அண்ணனின் புராஜெக்ட் வேலைக்குக் கீழே, அதே அளவு எழுத்தில் எழுதினார். வீட்டில் பெரியவர்களுக்கு நிகராக என் தேவை ஒன்று எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை.

256 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 32 கிலோபைட். 2 மணியிலிருந்து 8 மணிக்குள் ஏறத்தாழ ஒரு சிடி நிறையும். அப்பா ராத்திரி டியூட்டி முடிந்து சைக்கிளில் வந்து சேரும்போது அந்த நேரம் நெருங்கியிருக்கும். அண்ணன் தூங்கிக்கொண்டிருப்பான். அப்பா பட்டாசலில் விளக்குப் போடாமல், வரிசையில் காத்திருக்கும் டவுன்லோடுகளைத் தட்டிவிட்டு மேலே வருவார். லினக்ஸ் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. அண்ணனுக்கு அதில் மூன்று சிடி வேண்டும் என்பது தெரியும், மூன்று ராத்திரியும் அவர்தான் தொடங்கிவைத்தார்.

காலையில் இறங்கியதெல்லாம் பட்டாசல் கம்ப்யூட்டரில் "பொது" என்ற ஃபோல்டருக்குப் போகும். எங்கள் மூன்று கம்ப்யூட்டருக்கும் அது திறந்திருக்கும். இந்த ஃபோல்டரைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் வேகம் 256 கேபிபிஎஸ். வீட்டுக்குள் ஸ்விட்ச் வழியாக ஓடும் வேகம் 100 எம்பிபிஎஸ், ஏறத்தாழ 400 மடங்கு. அதற்குக் காசும் இல்லை, கணக்கும் இல்லை. எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக் மட்டும் 266 மெகாபைட். மூன்று கம்ப்யூட்டரும் தனித்தனியாக இறக்கியிருந்தால் மாதக் கணக்கில் முக்கால்வாசி அதற்கே போயிருக்கும். ஒரு தடவை கொண்டுவந்து பொதுவில் வைத்தோம், மூன்றும் எடுத்துக்கொண்டன. டிஜிட் இதழோடு வரும் சிடிகளும் அப்படித்தான், ஒருவர் போட்டு நகலெடுத்தால் எல்லோருக்கும் ஆயிற்று. வீட்டுக்குள் ஒரு தடவை வந்த பொருள் வீட்டுக்கு முழுக்கச் சொந்தம் என்ற எண்ணம் அந்த ஃபோல்டரில் இருந்துதான் எனக்கு வந்தது.

பெரியப்பா அதில் ஒரு நூலகம் சேர்த்தார். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் எழுத்துருக்களை நிறுவிக் கொடுத்தான். பெரியப்பா ஒவ்வொரு நூலாக இறக்கிப் பொதுவில் வைத்தார், நோட்டில் நூலின் பெயரையும் அளவையும் எழுதினார். அந்த அளவுகளைப் பார்த்து நான் வியந்துபோனேன். திருக்குறள் முழுவதும் அரை மெகாபைட்டுக்குள் அடங்கியது. அண்ணன் இறக்கிய ஒரு சினிமாப் பாட்டு 4, 5 மெகாபைட். எழுத்து எவ்வளவு இலேசானது, ஒலியும் படமும் எவ்வளவு இடம் கேட்கின்றன என்பதை எந்த வகுப்பிலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெரியப்பாவின் நோட்டுதான் சொன்னது. சங்க இலக்கியத்தின் பெரும்பகுதி நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதே மச்சுக்கு ஏறிவிட்டது. இன்று வரை நான் வாசிக்கும் பழந்தமிழ் அந்தக் கம்பி வழியாக வந்ததுதான்.

அந்த வருடம் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அத்தான் சிங்கப்பூரில். அங்கே ராத்திரி பத்து மணி ஆனால் நமக்கு ஏழரை. யாகூ மெசஞ்சரில் அவர் கூப்பிடுவார். அண்ணன் எதையாவது இறக்கிக்கொண்டிருந்தால் அத்தானின் குரல் துண்டு துண்டாக உடையும். அக்கா அண்ணன் அறையைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் ஹெட்போனைக் கழற்றி வைப்பாள். முதலில் அண்ணனுக்குக் காரணம் புரியவில்லை. 32 கிலோபைட்டில் ஒரு குரலுக்கு எவ்வளவு வேண்டும், தாராளமாகப் போதுமே என்றான். பிறகு எனக்கு அவனே விளக்கினான். எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் வருகின்றன. பெரிய டவுன்லோடு ஒன்று ஓடினால் அதன் பொட்டலங்கள் வாசலில் வரிசை கட்டி நின்றுவிடும், குரலின் பொட்டலம் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். பாட்டு அரை நொடி தாமதமாக வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. குரல் அரை நொடி தாமதமானால் அது பேச்சே இல்லை.

அன்றிலிருந்து நோட்டின் முதல் பக்கத்தில் ஏழரை முதல் எட்டு வரை அக்காவுக்கு என்று எழுதப்பட்டது. ஏழு இருபத்தைந்துக்கு அண்ணன் தானாகவே எல்லாவற்றையும் நிறுத்துவான். நான் மேலே கேபிளையே கழற்றிவிடுவேன், ஏதாவது ஒரு அப்டேட் எனக்குத் தெரியாமல் ஓடிவிடக் கூடாது என்று. வளைகாப்பு அன்று வெப்கேமை அடுக்களை வாசல் வரை நீட்டி, பெரியம்மா அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக் காட்டினாள். படம் விட்டு விட்டு வந்தது. வளையல் சத்தம் மட்டும் முழுசாகப் போய்ச் சேர்ந்தது என்று அத்தான் சொன்னார். அந்த அரை மணி நேரம் வீடே ஒரு கம்பியை அக்காவுக்கு விட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்ததை நான் பெருமையோடு நினைத்துக்கொள்கிறேன்.

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட். காலையிலேயே தெருப் பிள்ளைகள் பதிவெண் எழுதிய சீட்டோடு முன்பக்கத் தார்சாவில் கூடிவிட்டார்கள். பிரவுசிங் சென்டரில் கூட்டம், எங்கள் வீட்டில் மூன்று கம்ப்யூட்டர். மூன்றிலும் ஒரே நேரத்தில் முயன்றால் நெட் இன்னும் மெதுவாகாதா என்று நான் கேட்டேன். ஆகாது என்றான் அண்ணன். பக்கம் மிகச் சின்னது, தடை நம் கம்பியில் இல்லை, தமிழ்நாடு முழுக்க ஒரே வாசலில் நிற்கிறது, மூன்று பேர் நின்றால் ஒருவருக்காவது சீக்கிரம் திறக்கும். எங்கே நெருக்கடி இருக்கிறது என்று முதலில் பார், பிறகு கை வை என்பதை அவன் அன்று சொன்னான். என் வேலையில் இன்றும் பாதி நாள் அதைத்தான் செய்கிறேன். நான் மச்சிலிருந்து மதிப்பெண்களைக் கூவ, கீழே அம்மா எழுதிக் கொடுத்தாள். ஒரு பெண் ஆயிரத்தைத் தாண்டியிருந்தாள். அவள் அம்மா எங்கள் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று ஓடிய நெட்டைப் பெரியப்பா நோட்டில் "தெரு" என்ற பெயரில் எழுதினார்.

2007 ஜனவரியில் வேகத்தை 2 எம்பிபிஎஸ் வரை உயர்த்தினார்கள். மற்ற வீடுகளில் கொண்டாட்டம். பெரியப்பா பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டார். நொடிக்கு 250 கிலோபைட். மாதத்துக்கான 1 ஜிபி எழுபது நிமிடத்தில் தீர்ந்துவிடும். பழைய வேகத்தில் அதே அளவை முடிக்க ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார வேண்டும், யாராலும் தற்செயலாக முடித்துவிட முடியாது. இனி ஒருவர் நினைக்காமலே எல்லோருடைய பங்கையும் எடுத்துவிடலாம். வேகம் மட்டும் கூடி அளவு கூடாவிட்டால் கவனமும் கூட வேண்டும் என்று அவர் சொன்னது சரிதான்.

அண்ணன் அந்த ஆண்டு வேலைக்காகப் பெங்களூர் போனான். ஐப்பசியில் ஒரு மத்தியானம், வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்தில் இருந்தபோது, பக்கத்தில் எங்கோ இடி இறங்கியது. போன் கம்பி வழியாக வந்த மின்னல் மோடத்தையும் ஸ்விட்சையும் என் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டையும் கருக்கிவிட்டது. எல்லாம் செம்பால் இணைந்திருந்ததால் எல்லாம் ஒன்றாகப் போயின. புது மோடத்துக்கு பிபிபிஓஇ போட்டது நான். இடி இறங்கியதில் முனை கருகிய கேபிளை வெட்டி, புது முனை செருகி, டூலை அழுத்தினேன். அப்போது என் கை போதுமானதாக இருந்தது.

அந்தக் கேபிள் பிறகும் பல ஆண்டுகள் குழாயோடு இருந்தது. வைஃபை வந்தும் அதைக் கழற்ற முடியவில்லை, தாத்தாவின் சுவரைத் தாண்டி அலை மச்சுக்கு ஒழுங்காக ஏறவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோதுதான் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆளுக்கொரு சிம், ஆளுக்கொரு கணக்கு. தினமும் தீராத அளவு. இது நல்லது. அக்கா ஏழரை மணிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, எந்தப் பெண்ணும் ரிசல்ட் பார்க்க அடுத்த வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் இப்போது அந்த வீட்டில் வளரும் பிள்ளைகளுக்குத் தங்கள் நெட் எங்கிருந்து எந்த வழியாக வருகிறது, அதை இன்னும் யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்பது தெரியாது. இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. பார்க்காத ஒன்றைப் பகிர்ந்துகொள்ளவும் தெரியாது, பாதுகாக்கவும் தெரியாது.

இதை வாசிக்கிறவர்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் அடியுங்கள், பெரும்பாலும் அது 192.168 என்றுதான் தொடங்கும். முதலில் அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றும் யாருடையது என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள்.